நீலக்கண் அழகியின் ஓயாத குரல்

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்பது நம்மவர் பலரின் எண்ணம். சயாமியப் பூனையை வளர்த்தவர்கள் இதனை ஒப்பமாட்டார்கள்.

இன்று தாய்லாந்து எனப்படும் சயாமே இதன் தாயகம். அந்நாட்டுப் பழஞ்சுவடிகளில் இது வண்ணச் சித்திரமாகத் தீட்டப்பட்டுள்ளது. மெலிந்து நீண்ட உடல், பெரிய செவிகள், சாட்டை போன்ற வால், ஆழ்ந்த நீலக் கண்கள். உடல் முழுவதும் பாலாடை நிறம். முகமும் செவியும் பாதங்களும் வாலும் மட்டும் கரும்பழுப்பு. அடுப்படிக்குள் நுழைந்து சட்டிக்கரியைப் பூசிக்கொண்டு வந்த குழந்தையைப் போலிருக்கும்! சாம்பல் நீலம் முதலிய வேறு நிறங்களிலும் உண்டு.

இந்நிறத்தின் இரகசியம் உடற்சூட்டில் இருக்கிறது. மயிருக்குக் கருமை தருவதற்கு வேண்டிய நொதியம் இப்பூனையில் உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே செவ்வனே தொழிற்படுகின்றது. தாயின் வயிற்றுச் சூட்டில் வளர்ந்த குட்டிகள் ஆதலால் வெள்ளையாகவே பிறக்கின்றன. சில வாரங்களுக்குப் பின்னரே காதும் வாலும் கறுக்கத் தொடங்கும். சிகிச்சைக்காக மழித்த இடத்தில் மயிர் முன்னிலும் கறுப்பாக வளர்வதும் உண்டு.

1884ஆம் ஆண்டில் பாங்கொக்கிலிருந்த பிரித்தானியக் கொன்சல் எட்வர்ட் கூல்ட் என்பவர் ஒரு சோடியை இங்கிலாந்திலிருந்த தம் சகோதரிக்குக் கொண்டு சென்றார். அக்காலத்துச் சயாமியப் பூனைகள் பலவற்றுக்கு மாறுகண்ணும் வளைந்த வால்நுனியும் இருந்தன. வளர்ப்போர் அவற்றைக் குறையெனக் கொண்டு படிப்படியாக நீக்கினர். அதனோடு நிற்காமல், கண்காட்சிப் பரிசுகளை நாடித் தலையை ஆப்புப்போல் மேலும் மேலும் கூராக்கினர். அது நமக்கு அழகாகத் தோன்றவில்லை. பழைய உருண்டை முகத்தை விரும்புவோர் அதனைத் ‘தாய்’ என்ற தனியினமாகப் பேணி வருகின்றனர்.

உருவத்தில் அரசகுமாரி, குணத்திலோ இடுப்பை விட்டிறங்காத கைக்குழந்தை. குரலும் குழந்தை அழுவது போன்றதே. பசித்தாலும் கூப்பிடும், பசியாறினாலும் கூப்பிடும். நாம் மறுமொழி சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும். அறைக்கு அறை பின்தொடரும். நாம் பத்திரிகையை விரித்தால் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒருவரையே தனக்குரியவராகத் தெரிந்துகொள்ளும்.

நண்பரொருவர் வீட்டில் அத்தகைய பூனையொன்றை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டம்மா பத்து நாட்கள் வைத்தியசாலையில் இருந்தபோது, அது வாசற்படியிலேயே இருந்து குரலெழுப்பியது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தன் வயிற்று மயிரை ஓயாது நக்கி, ஓரிடத்தில் தோலே தெரியும்படி செய்துவிட்டது. அம்மா திரும்பி வந்த அன்றும் அது உடனே மடியில் ஏறவில்லை. எதிரே அமர்ந்து நெடுநேரம் கத்தித் தீர்த்தது.

காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் தொழிலுக்குப் போகும் வீட்டிற்கு, நீலக் கண்ணுக்கு ஆசைப்பட்டு இதனை வாங்குவது தகாது. வாங்கியே தீரவேண்டுமெனின், இரண்டு குட்டிகளாக வாங்குதல் நன்று. அயலவரிடம் மாத்திரம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.