கூர் மழுங்கினால் கை மரத்துப்போகும்

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் சீமைக்கருவையை வெட்டி விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அனுப்புகிறவர்கள் கையில் இப்போது அரிவாளோடு செயின்சாவும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, விழுந்த மரங்களை அறுக்க ஊர் ஊராக இந்த இயந்திரம்தான் ஓடியது. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது, எத்தனை சிசி, எவ்வளவு வேகமாக அறுக்கும் என்பதைத்தான். பிடித்து வேலை செய்கிறவரின் விரலும் காதும் மூச்சும் என்ன ஆகும் என்பது பேச்சில் வருவதே இல்லை. ஆனால் இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். செயினைக் கூராகவும் எஞ்சினைச் சீராகவும் வைத்திருப்பவருக்கு வேலையும் சீக்கிரம் முடியும், உடம்பும் குறைவாகத் தேயும்.

விரல் வெளுப்பது ஏன்?

இயந்திரத்தின் அதிர்வு கைப்பிடி வழியாக மணிக்கணக்கில் கைக்குள் இறங்கும்போது, விரல்களின் நுண்ணிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் மெல்ல மெல்லக் கெடுகின்றன. வேலை முடிந்த பிறகும் விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு நிற்கும். இதுதான் தொடக்கம். பிறகு சட்டைப் பொத்தான் போடுவதும் சில்லறைக் காசைப் பொறுக்குவதும் சிரமமாகும். ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டவருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளைவெளேர் என்று வெளுத்துவிடும்.

ராமநாதபுரத்து வெயிலில் இந்த வெளுப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. நரம்பு கெடுவதற்குக் குளிர் தேவையில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கற்பூர மரமும் சீகை மரமும் அறுக்கிறவர்களுக்குக் காலைக் குளிரில் இரண்டு தொல்லையும் சேர்ந்து வரலாம். பீடி, சிகரெட் இன்னும் மோசம். புகை ரத்தக் குழாய்களை மேலும் சுருக்கிவிடும்.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கு ஃபின்லாந்தில் நல்ல சான்று உண்டு. அங்கே சுவோமுசால்மி பகுதியின் காட்டுத் தொழிலாளர்களில் 1972இல் 100க்கு 40 பேருக்கு விரல் வெளுக்கும் நோய் இருந்தது. 1990இல் அது 5 பேராகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் எடை குறைந்த, கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பு கொண்ட இயந்திரங்கள் வந்திருந்தன. நம் கையிலுள்ள இயந்திரத்திலும் அந்த ரப்பர் புஷ்ஷோ ஸ்பிரிங்கோ இருக்கும். அது கிழிந்தும் தொய்ந்தும் போன பிறகும் அப்படியே ஓட்டுகிறார்கள். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அதை மாற்றுவது மிகச் சிறிய செலவு. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அரம் செய்யும் வைத்தியம்

செயின் கூராக இருக்கிறதா என்று அறிய மரத்தூளைப் பார்த்தால் போதும். கூரான செயின் மரத்தைச் சீவிச் சீவிச் செதில்களாகத் துப்பும். மழுங்கியது மாவாக அரைக்கும். அந்த மாவுதான் மூக்கிலும் நுரையீரலிலும் போய்ச் சேருகிறது. மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மழுங்கிய செயினோடு வேலை செய்கிறவர் இயந்திரத்தை அழுத்திப் பிடிப்பார். அழுத்த அழுத்த அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும், இடுப்பும் தோளும் வலிக்கும், அறுக்க ஆகும் நேரமும் நீளும். கூரான செயினுக்கு இயந்திரத்தின் எடையே போதும், கையால் அழுத்த வேண்டியதில்லை.

சின்ன இயந்திரங்களில் பெரும்பாலும் இருக்கும் 3/8 அங்குல பிட்ச் கொண்ட மெல்லிய வகைச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் பொருந்தும். .325 அங்குல வகைக்கு 4.8 மில்லிமீட்டர். சந்தேகம் வந்தால் செயின் உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், ஒரே திசையில் தள்ள வேண்டும். அரத்தை முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கத்துப் பல் குட்டையாகவும் ஆனால் அறுப்பு கோணிப்போகும், இயந்திரமும் உதறும். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் இரண்டு மூன்று தள்ளு தள்ளிவிட்டால், மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து தேய்க்கும் வேலை மிச்சம்.

பல்லுக்கு முன்னால் மேடுபோல ஒன்று நிற்கும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லின் விளிம்பைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். வேகமாக அறுக்கும் என்று நம்பி அதை அதிகமாகத் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. அப்போது பல் மரத்தைக் கடித்து இழுக்கும், அதிர்வு பெருகும், இயந்திரம் எகிறும் ஆபத்தும் கூடும்.

கார்புரேட்டரும் தலைவலியும்

உச்சி வெயிலில் வேலை செய்துவிட்டுத் தலை வலித்தால் வெயில்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். புகையும் காரணமாக இருக்கலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகையில் எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையாத கருவைப் புதருக்குள்ளும், பள்ளத்திலும், கொட்டகையிலும் அது தங்கிவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள்.

பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் கலந்தால் இந்த வாயு கூடும். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அடைத்த ஃபில்டரோடு கார்புரேட்டர் திருகை முறுக்கி ஓட்டம் பிடித்தால், பிறகு ஃபில்டரைத் துடைத்ததும் அந்தக் கணக்கு தப்பிவிடும். 2டி ஆயிலைக் கண்மதிப்பாக ஊற்றாதீர்கள். 50க்கு 1 என்று கம்பெனி சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி.

எல் திருகு மெதுவான ஓட்டத்துக்கு, எச் திருகு வேக ஓட்டத்துக்கு. எச் திருகை வலப்புறம் திருப்பத் திருப்பப் பெட்ரோல் குறையும். சத்தம் கீச்சென்று ஏறும், கேட்கவும் ஆசையாக இருக்கும், ஆனால் ஆயிலும் சேர்ந்து குறைவதால் பிஸ்டன் சிக்கிவிடும். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுக்கும்போது சற்றே தடதடப்பும், மரத்தில் இறங்கியதும் சீரான ஓசையும் வந்தால் சரி. எஞ்சின் வேகத்தை அளக்கும் மீட்டர் இல்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று: சமவெளியில் சரிசெய்த இயந்திரத்தை 2,000 மீட்டருக்கு மேலே கொண்டுபோனால், காற்று மெலிந்திருப்பதால் புகை கூடும். மலையில் சரிசெய்ததைக் கீழே கொண்டுவந்தால் எஞ்சின் சூடேறும். இடம் மாறினால் திருகையும் மாற்ற வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டே இருந்தால் ஐட்லிங் திருகைக் குறையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் கிளட்சைப் பார்க்காமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

சைலன்சரைத் துளைக்காதீர்கள்

பவர் கூடும் என்று சைலன்சரில் ஓட்டை போட்டுத் தருகிறார்கள். கூடும்தான், அதற்கு விலை காது. சாதாரணமாகவே இந்த இயந்திரம் அறுப்பவர் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு வழிகாட்டு அளவு. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். ஒருமுறை போன கேட்கும் திறன் திரும்பி வராது. பஞ்சு வைப்பதால் பெரிதாகப் பயனில்லை, காதை முழுதாக மூடும் இயர்மஃப் வேண்டும். புகைவாய் வலையைக் கழற்றினால் காய்ந்த சருகில் தீப்பொறியும் விழும்.

பழைய ஆயில் வேண்டாம்

லாரியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. செயின் சுழலும்போது அது திவலையாகத் தெறித்துத் தோலிலும் மூச்சிலும் படுகிறது. செயினுக்கென்று விற்கும் ஆயில் ஒட்டும் தன்மை கொண்டது, குறைவாகவே தெறிக்கும்.

முனை எகிறினால்

செயின் ஓடும் பாரின் முனையில் மேல்பாதி எதிலாவது பட்டால், கண் இமைக்குமுன் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். கருவைக் கவைகளுக்குள் அறுக்கும்போது மறைந்திருக்கும் கிளைமேல் முனை படுவது மிகச் சாதாரணம். இரண்டு கையாலும், இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியிருக்கும்படி பிடியுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று காலையிலேயே சோதித்துவிடுங்கள். லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. காயங்கள் அதிகம் படுவது காலிலும் இடக்கையிலும்தான். வெட்டுத் தடுப்புக் கால்சட்டைக்குள் இருக்கும் நீள நாரிழைகள் செயினில் சிக்கி அதை நிறுத்திவிடும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். தனியாக வேலைக்குப் போகாதீர்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

விரல் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயும் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவர் அவற்றைத்தான் முதலில் யோசிப்பார். செயின்சா ஓட்டுகிறேன், ஒரு நாளில் இத்தனை மணி நேரம், இத்தனை ஆண்டுகளாக என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எந்தெந்த விரல், எப்போது மரக்கிறது, இரவில் விழிப்பு வருகிறதா, வெளுப்பு உண்டா என்பதையும் சொல்லுங்கள். வெளுத்திருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அவருக்கு மிக உதவும். தொடக்கத்திலேயே அதிர்வுள்ள வேலையைக் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தொல்லை தணிய வாய்ப்பு அதிகம். முற்றிய பிறகு நரம்பின் உணர்ச்சி முழுவதுமாகத் திரும்புவது அரிது.