திருவக்கரையில் படுத்த மணற்பாறை, சிவாலிக்கில் சாய்ந்தது எப்படி?

வானூர் வட்டம் திருவக்கரையில், வக்ரகாளியம்மன் கோயிலுக்கு அருகே செம்மண் மேட்டில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் கல்மரப் பூங்கா இது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. அந்த மணல் இறுகிக் கடலூர் மணற்பாறை ஆனது. கடல் பக்கம் லேசாகச் சரிந்திருப்பதைத் தவிர, படிந்தபடியே இன்றும் கிடக்கிறது.

இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளும் ஆற்று மணல்தான். அங்கும் கல்மரம் உண்டு. அடியிலுள்ள படிவுகளுக்கு வயது சுமார் 1.8 கோடி ஆண்டுகள். ஆனால் டேராடூன் போகும் வழியில் மோகண்ட் அருகே அந்த அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஒரே புவித்தட்டின் மேல் படிந்த மணலுக்கு ஏன் இந்த இருவேறு கதி?

இந்தியத் தட்டு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வரை நகர்கிறது. திருவக்கரை, மோதும் விளிம்பிலிருந்து சுமார் 2,000 கி.மீ. தள்ளி இருப்பதால் தப்பியது. சிவாலிக் அந்த விளிம்பிலேயே இருக்கிறது.

விளிம்பில் நடப்பதை மரக்காணம் உப்பளத்தில் பார்க்கலாம். பலகையால் உப்பை வாரும்போது, பலகையை ஒட்டி உயரமாகவும் முன்னே போகப் போகத் தாழ்வாகவும் உப்பு குவியும். குவியல் ஓரளவு உயர்ந்ததும் அதன் அடி முன்னே நகர்ந்து புது உப்பைச் சேர்த்துக்கொள்ளும். இமயத்தில் பலகை ஆசியா. பாத்தித் தரை, அடியில் நுழையும் இந்தியத் தட்டு. வாரப்படும் உப்பு, அந்தத் தட்டின் மேலடுக்குகள்.

நெருக்குண்ட அடுக்குகள் பாய் சுருங்குவதுபோல் மடிகின்றன. மடிந்து தாங்காத இடத்தில் உடைந்து, சாய்வான பிளவின் வழியே ஒரு பாறைத் தொகுதி இன்னொன்றின் மேல் ஏறுகிறது. இதுவே உந்துப் பிளவு. பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயுமாக வரிசை தலைகீழாகும். ஏறும் தொகுதி, பிளவு வளையும் இடத்தில் தானும் வளையும்.

இமயத்தில் இப்படி மூன்று பெரும் பிளவுகள்: வடக்கே மையப் பிளவு, அடுத்து எல்லைப் பிளவு, தென்கோடியில் முகப்புப் பிளவு. தெற்கே வர வர வயது குறைவு. திருவக்கரை மரங்கள் புதைந்த காலத்தில் மையப் பிளவு மும்முரமாக இயங்கியது. இன்று முகப்புப் பிளவின் முறை. மோகண்ட் குன்று அதன் மேல் எழுந்த மேல்வளைவு. டேராடூன் நகரம் அதற்குப் பின்னாலுள்ள கீழ்வளைவில் இருக்கிறது.

இமயமலை ஏன் வில்லாக வளைந்தது? நங்க பர்வதம் முதல் நம்சா பர்வா வரை சுமார் 2,400 கி.மீ. நீளும் இந்த வில்லின் நடுப்பகுதி, ஏறத்தாழ 1,700 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தோடு பொருந்துகிறது என்று ரெபெக்கா பெண்டிக், ரோஜர் பில்ஹம் ஆகியோர் 2001-இல் காட்டினர். ரப்பர் பந்தை விரலால் அழுத்தினால் பள்ளத்தின் ஓரம் வட்டமாக வளைவது போன்றது இது என்பது ஒரு விளக்கம். உயர்ந்து நிற்கும் திபெத்தின் எடை வெளிப்புறமாகப் பரவுவதும் காரணம் என்பர். பாறைகள் காஷ்மீரில் தென்மேற்காகவும் நேபாளத்தில் தெற்காகவும் தள்ளப்படுகின்றன. விசிறிபோல் விரிவதால் பின்புறம் இழுபட்டுக் கிழிகிறது. நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் வடக்குத் தெற்காக ஓடும் தாக்கோலா பள்ளம் அப்படிப்பட்ட கிழிசல்.

முன்பு சொன்ன மூன்று பெரும் பிளவுகளும் ஆழத்தில் ஒரே அடித்தளப் பிளவில் சேர்கின்றன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது வழுக்கியது அதுதான். சுமார் 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆனால் அந்த வழுக்கல் மலையடிவாரம் வரை எட்டவில்லை. தெற்குப் பகுதி இன்னும் இறுகிக் கிடக்க, ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நெருக்கம் அங்கே சேர்ந்துவருகிறது. அதைக் கொண்டுசேர்க்கும் தட்டின் மேல்தான் திருவக்கரையின் கல்மரங்களும் வடக்கே போய்க்கொண்டிருக்கின்றன.