முதலமைச்சர் காப்பீடு: டாக்டரைத் தேடுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியைத் தேடுங்க

நம்மில் பலருக்கு கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கும். ஆனா ஊர்ல இருக்கிற சித்தப்பா, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் யாருக்காவது ஆபரேஷன்னு சொல்லிட்டா, போன் வர்றது நமக்குத்தான். "முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கு தம்பி, எந்த டாக்டர் எடுத்துப்பாரு?" இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்விக்குத்தான்.

முதல்ல சுருக்கமா திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இணைஞ்சது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இந்தக் கார்டை ஏத்துக்கிறது டாக்டர் கிடையாது, ஆஸ்பத்திரி. அதுவும் துறை வாரியா. ஒரு ஆஸ்பத்திரிக்கு எலும்பு சிகிச்சைக்கு அனுமதி இருக்கும், இதய சிகிச்சைக்கு இருக்காது. ஒரே சர்ஜன் ரெண்டு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணுவார். ஒண்ணு திட்டத்துல இருக்கும், இன்னொண்ணு இருக்காது. சாயங்காலம் அவரோட சொந்த கிளினிக்குக்குப் போனா கார்டு செல்லாது. டேட்டாபேஸ் பாஷையில சொன்னா, இங்க ப்ரைமரி கீ ஆஸ்பத்திரியும் துறையும்தான். டாக்டர் பேரை வச்சுத் தேடினா ரிசல்ட் வராது.

அதனால வரிசையை மாத்துங்க.

ஒண்ணு, கார்டு இப்பவும் செல்லுபடியாகுதான்னு 1800 425 3993 இலவச எண்ணில் கேளுங்க. கார்டே இல்லைன்னா வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீடு மையத்துக்குப் போகணும்.

ரெண்டு, அதே எண்ணில், உங்க மாவட்டத்துல இந்தச் சிகிச்சைக்கு எந்தெந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு கேட்டு எழுதிக்கோங்க. திட்டத்தோட இணையதளத்திலும் பட்டியல் இருக்கு.

மூணு, அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ரிசப்ஷனோட நிறுத்தாம, காப்பீட்டுப் பிரிவுக்கு இணைப்பு கேளுங்க. கேட்க வேண்டியது மூணே கேள்வி: இந்த ஆபரேஷனை இப்போ திட்டத்துல பண்றீங்களா? எந்த டாக்டர் பண்றார்? அவருக்கு எந்த நாள் ஓ.பி.? டாக்டர் பேர் வர்றது இந்த இடத்துலதான்.

நாலு, டாக்டரைப் பார்த்து ஆபரேஷன் தேவைன்னு முடிவானதும், ஆஸ்பத்திரியே ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்கணும். அனுமதி வந்துச்சான்னு நீங்களே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. தனியார் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகாம வெறும் ஓ.பி. பார்த்து மாத்திரை வாங்குற செலவு பொதுவா நம்ம கையிலிருந்துதான்.

இங்கதான் பலருக்குப் பணம் போகுது. இது பணம் கட்டாம சிகிச்சை எடுக்கிற திட்டம். "முதல்ல கட்டிடுவோம், அப்புறம் பில் கொடுத்து வாங்கிக்கலாம்"னு கடன் வாங்கி இறங்காதீங்க. அவசரம்னா 108-ஐக் கூப்பிட்டு உயிரைக் காப்பாத்துறதுதான் முதல் வேலை. ஆனா அட்மிஷன் போடும்போதே கார்டு இருக்குன்னு சொல்லிடுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு கார்டை நீட்டினா வேலைக்கு ஆகாது.

அனுமதி வந்த பிறகு படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, டெஸ்ட் எல்லாம் அந்தத் தொகைக்குள்ள அடங்கும். அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க, அதே இலவச எண்ணில் புகார் பண்ணுங்க.

இன்னொண்ணு, அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்துல இருக்கு. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைக்கு மட்டும்னே ஒதுக்கி வச்சிருக்காங்க. "தனியார்ல முடியாதுன்னுட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, கார்டு செல்லாதுன்னு முடிவு பண்ணாதீங்க. பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில கேளுங்க.

இந்த வாரம் ஒரு வேலை: உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தோட கார்டு செல்லுபடியாகுதான்னு கேட்டுச் சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்கும்போது பண்ணினா அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!