நத்தார்ப் பரிசும் பெறும் கையும்

மார்கழி மாதத்திலே யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் குறைவாகவே உறங்குகின்றன. விடியற்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோர் ஒருபுறம். முன்னிரவில் விளக்கேந்தி வீடுவீடாகப் பாலன் பிறப்பைப் பாடிச் செல்லும் கிறிஸ்தவ இளைஞர் மறுபுறம். சில ஆண்டுகளில் இவ்விரு பாட்டும் ஒரே வாரத்தில் ஒரே ஒழுங்கையில் கேட்பதுண்டு. கரோல் குழுவினர் என வழங்கப்படும் இவ்விளைஞருக்கு வீட்டார் இடும் காணிக்கையைக் கொண்டு வறிய பிள்ளைகளுக்குப் புத்தாடையும் பாடசாலைப் பொருள்களும் வாங்கிக் கொடுப்பது பல சபைகளில் உள்ள வழக்கம். இதனையே நத்தார்ப் பரிசு என்பர். நத்தார் என்ற சொல் போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச் சென்றது. அவர்தம் மொழியில் பிறப்பு என்பது அதன் பொருள்.

இப்பரிசு வந்து சேரும் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பதால் வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். தோட்டங்களில் வெள்ளம் நின்றால் கூலிவேலையும் இல்லை. ஆண்டிலே கை மிக வறண்டிருக்கும் வேளையில்தான் பண்டிகை வருகிறது. அயல்வீட்டுப் பிள்ளை புதுச்சட்டையுடன் கோயிலுக்குப் போகும்போது பழஞ்சட்டையுடன் நிற்கும் பிள்ளையின் துயரைப் பெரியோர் சிறிதென்று எண்ணலாம். அப்பிள்ளைக்கு அது சிறிதன்று.

பரிசு கொடுக்கும் வழக்கத்துக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் புனித நீக்கிலார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் நகரத்தில் ஆயராக இருந்தவர். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் அணிந்த நத்தார்ப் பாப்பா இவரிடமிருந்து பிறந்தவரே எனினும், மூலக் கதையில் மானும் இல்லை, பனியும் இல்லை, சீதனந்தான் உண்டு. மூன்று பெண்களுக்குச் சீதனம் கொடுக்க வகையற்ற தகப்பன் ஒருவனின் வீட்டுச் சாளரத்தின் வழியே, இரவிலே எவரும் அறியாமல் பொன் முடிப்புகளை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. யாழ்ப்பாணத்தார்க்கு இக்கதையை விளக்கவே வேண்டியதில்லை. கடலோடிகளின் காவலராகவும் அவர் கருதப்படுகின்றார். யாழ் நகரை அடுத்த மீனவர் ஊராகிய நாவாந்துறையில் அவர் பெயரால் ஆலயம் அமைந்திருப்பது பொருத்தமே. இக்கதையில் கவனிக்கத்தக்கது பொன்னன்று, இரவு. தாம் கொடுத்ததைப் பெற்றவர் அறியலாகாது என்று அவர் விரும்பினார்.

எல்லாக் கொடையும் இவ்வாறு இரவில் வந்ததன்று. 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் முதலியோர் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். அவர்கள் பியூரித்தன் மரபில் வந்தவர்கள். நத்தாரைக் கொண்டாடுவது 1659 முதல் 1681 வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த மாசச்சூசெற்ஸ் முதலிய பகுதிகளின் சமயப் பழக்கத்தில் ஊறியவர்கள். ஆகவே அவர்களுடைய கொடை பண்டிகைப் பரிசாக வரவில்லை. விடுதிப் பாடசாலையில் சோறும் துணியும் கல்வியுமாக வந்தது. அமெரிக்காவிலுள்ள உபகாரி ஒருவர் ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்குரிய செலவை அனுப்புவார். அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இடுவிப்பார். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என நம் கல்வி வரலாற்றில் நிலைத்த பெயர்கள் அவ்வழக்கத்தின் சுவடுகள். கரோல் விசுவநாதபிள்ளை சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையோ, கற்று முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது.

இக்கொடையால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றிக்கேடாகும். ஆயினும் பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டுத் தரும் சோற்றுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதற்கு, அவ்விலையைக் கொடாமலே பிள்ளைகள் கற்க வேண்டும் என்ற எண்ணமே தலையாய காரணம்.

வேறொரு முறை பாரிசு நகரிலே உருவாயிற்று. 1833இல் இருபது வயதான பிரெடெரிக் ஒசானாம் என்னும் மாணவரும் அவர் தோழர் சிலரும், வறியோரைத் தம்மிடம் வரவழையாமல் தாமே அவர்கள் வீட்டுக்குச் செல்வது என முடிவு செய்தனர். முதலிற் கொண்டு சென்றது தம் அறைக்கு வாங்கி வைத்திருந்த விறகு என்று சொல்வர். அதுவே புனித வின்சென்ட் டி போல் சபையின் தொடக்கம். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பங்குகளிலும் அதற்குக் கிளைகள் உண்டு. உறுப்பினர் இருவர் இருவராக வீடுகளைத் தரிசிப்பர். கூட்டத்தில் பை ஒன்று சுற்றிவரும். யார் எவ்வளவு இட்டார் என்பதை அடுத்திருப்பவரும் அறியார். உதவி பெறும் வீட்டின் செய்தி வெளியே பேசப்படுவதில்லை.

வீட்டுக்குச் செல்வதன் பயன் அளவு அறிவதில்தான் தெரியும். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியது. உலகமெங்குமிருந்து இலங்கைக்கு உதவி குவிந்தது. அவ்வுதவியினூடே குளிர்நாட்டு ஆடைகளும் உயர்குதிச் சப்பாத்துகளும் வந்திறங்கின! அன்பில் குறைவில்லை, யாருக்கு என்று கேட்டவர்தாம் இல்லை. இதற்கு எதிரான நிலையும் நிகழ்ந்ததுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்வின்பின், அவ்வாண்டு நத்தார் தென்மராட்சியிலும் வன்னியிலும், நெருங்கிக் கிடந்த பாடசாலைகளிலும் ஆலய முற்றங்களிலும் வந்தது. கொடுப்பவரும் வீடிழந்தவர், பெறுபவரும் வீடிழந்தவர். ஒரே கூரையின்கீழ் இருந்தோர்க்கு மற்றவர் தேவையைக் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

இந்நாளில் பிள்ளைகளுக்கு எது தேவை? அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களையும் 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. கொப்பி, பை, தையற்கூலி என்பன பெரும்பாலும் பெற்றோர் தலையிலேயே விழுகின்றன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் புதிய வகுப்புத் தொடங்குமுன் அத்தாய் எத்தனை முறை கணக்குப் பார்க்கிறாள் என்பதைத் தரிசிக்கச் செல்பவர் அறிவர். சப்பாத்து வாங்குமுன் காலின் அளவை ஓலைத் துண்டிலோ கடதாசியிலோ எடுத்துச் செல்லும் குழுவினர் தம் தொழிலை அறிந்தவர்கள்.

மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் பெயர் கூறிப் பொதியைக் கொடுத்துப் படம் பிடிப்பது எளிது. உபகாரிக்கு அனுப்ப ஆதாரமும் கிடைக்கும். மறுநாள் வகுப்பிலே அந்தப் பையை அடையாளங்கண்டு சக மாணவர் கூறும் சொல் எந்தப் படத்திலும் பதிவதில்லை. ஆதலால் சில குழுவினர் பொதியின்மேல் சபையின் பெயரையோ கொடுத்தவர் பெயரையோ எழுதுவதில்லை. நத்தாருக்கு முன்னிரவு, பிள்ளைகள் உறங்கியபின், பொதியைத் தாயிடமோ தகப்பனிடமோ கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர். விடிந்ததும் பிள்ளை அதைத் தன் பெற்றோர் கையிலிருந்தே பெற்றுக்கொள்கிறது.