கணினி அப்டேட் ஆனதும் ஒலிப்பதிவுப் பெட்டி செயலிழந்ததா? புதியது வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தெலுக் பங்லிமா காராங் – கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையில் உள்ள இவ்வட்டாரத்தைத் தொழிற்சாலைகளுக்காகவும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் அறிந்தவர்களே அதிகம். ஆனால் ஒரு பாடலைப் பதிவு செய்ய இங்குள்ளவர்கள் இன்று கோலாலம்பூர் ஸ்டூடியோவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இரண்டையும் இணைக்கும் கையடக்கப் பெட்டி ஒன்று. இவை இருந்தால் தாமான் வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். அந்தப் பெட்டிக்குத்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர்.

தைப்பூசம் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுமி மேளக் குழு ஒன்று தன் புதிய பாடலைப் பாதி பதிவு செய்துவிட்டது. மறுநாள் காலை கணினியைத் திறந்தால், இரவோடு இரவாக அது தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. பெட்டியில் விளக்கு எரிகிறது. ஆனால் கணினிக்கு அது தெரியவே இல்லை. அல்லது பதிவைத் தொடங்கியதும் பிழைத் திரை தோன்றி, கணினி தானே மூடித் திறக்கிறது. பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். சில நூறு ரிங்கிட் கொடுத்துப் புதியது வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். பல நேரங்களில் அது தேவையற்ற செலவு.

2025 பொங்கலுக்கு மறுநாள் வந்த சிக்கல்

இது கற்பனையான அச்சம் அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 ஜனவரி 14-ஆம் தேதி தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. நேர வேறுபாட்டால் மலேசியாவில் அது பொங்கலுக்கு மறுநாள் அதிகாலை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்குமே அது வந்தது. அதை நிறுவிய சில கணினிகளில் யுஎஸ்பி வழி இணைக்கப்பட்ட ஒலிக்கருவிகள் செயல்படாமல் போயின. குறிப்பாக, யுஎஸ்பி ஆடியோ 1.0 என்ற பழைய முறையில் இயங்கும் கருவிகள் பாதிக்கப்பட்டன. இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்ற பொருளில் ‘கோட் 10’ என்ற பிழைச் செய்தி திரையில் தோன்றியது.

குறை தங்கள் அப்டேட்டில்தான் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் ஒப்புக்கொண்டது. ஜனவரி 28-ஆம் தேதி திருத்தமும் வந்தது. ஆனால் அது விருப்ப அப்டேட். அமைப்புகளுக்குள் சென்று தாமே தேர்ந்தெடுத்து நிறுவியவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. எல்லாருக்கும் தானாகச் சேரும் அடுத்த மாதாந்திர அப்டேட் வந்த நாள் பிப்ரவரி 11. அந்த ஆண்டு தைப்பூசமும் அன்றுதான். மலேசிய நேரப்படி பார்த்தால், தைப்பூச நாள் முடிந்த பிறகு, மறுநாள் அதிகாலையில்தான் அது வந்து சேர்ந்தது.

பக்திப் பாடல் பதிவுகள் மும்முரமாக நடக்கும் அந்த நான்கு வாரங்களில், விவரம் தெரிந்தவர் விருப்ப அப்டேட்டை நிறுவி வேலையைத் தொடர்ந்திருக்கலாம். தெரியாதவர், நல்ல நிலையில் இருந்த கருவியை ஓரங்கட்டியிருக்கக்கூடும்.

டிரைவர் என்றால் என்ன?

கணினிக்கும் பெட்டிக்கும் வெவ்வேறு மொழி. இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருளே டிரைவர். தமிழ் மட்டும் அறிந்த பாட்டிக்காக அரசு அலுவலக முகப்பிடத்தில் பேரன் மலாயில் பேசுவது போன்றது இது. அலுவலகம் ஓர் இரவில் தன் பாரங்களையும் நடைமுறையையும் மாற்றிவிட்டால், பேரன் புதிய நடைமுறையைக் கற்கும்வரை பாட்டியின் வேலை நடக்காது. பாட்டியிடம் குறை எதுவும் இல்லை.

ஒலிக் கருவியின் டிரைவருக்கு வேலை மிகக் கடுமையானது. பொதுவாக ஒரு விநாடிக்கு 48,000 முறை ஒலியின் அளவு எண்ணாகப் பதிவாகிறது. அவற்றை 128 எண்கள் கொண்ட சிறு கட்டுகளாக அனுப்பினால், ஒவ்வொரு கட்டையும் ஏறத்தாழ 2.7 மில்லி விநாடிக்குள் ஒப்படைத்தாக வேண்டும். தாமதமானால் ஒலி வெட்டும். ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்கும். பாடகருக்குத் தன் குரலே காதில் பிந்திக் கேட்கும். விண்டோஸ் கணினிகளில் இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காக ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-ல் உருவாக்கிய முறைதான் இசைத் துறையினர் நன்கறிந்த ‘ஆசியோ’.

இத்தனை வேகம் தேவைப்படுவதால், பல டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கர்னலில்’ அமர்ந்து வேலை செய்கின்றன. வாட்ஸ்அப் நின்றுபோனால் அதை மட்டும் மூடித் திறக்கலாம். கர்னலில் உள்ள டிரைவர் தவறினால் முழுக் கணினியும் நின்றுவிடும். பிழைத் திரை வருவதற்கு அதுவே காரணம். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதும் கர்னலில் நடந்த கோளாறுதான். அந்தக் கோளாறு கேஎல்ஐஏ-வில் ஏர் ஏசியா பயணிகளையும் வரிசையில் காக்க வைத்தது.

மெக் கணினியும் விதிவிலக்கல்ல

ஆப்பிள் கணினியில் இந்தத் தொல்லை இல்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2019 அக்டோபரில் வந்த மெக்ஓஎஸ் கேட்டலினா, 32-பிட் மென்பொருள்களை முற்றிலும் நிறுத்தியது. பழைய இசை மென்பொருள்கள் பல அதோடு செயலிழந்தன. 2025 செப்டம்பரில் வந்த மெக்ஓஎஸ் தாஹோ, ஃபயர்வயர் இணைப்புக்கான ஆதரவையே நீக்கிவிட்டது. ஃபயர்வயர் வழி இயங்கும் பழைய இன்டர்ஃபேஸ் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் தாஹோவில் வேலை செய்யாது. இதைத் திருத்தக் காத்திருப்பதில் பயனில்லை. பழைய பதிப்பிலேயே இருக்கும் ஒரு மெக் கணினியை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கி வைப்பதே வழி.

பெட்டியா, டிரைவரா? கண்டறிவது எப்படி?

முதலில், பெட்டியை வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் பெட்டி நலமாக இருக்கிறது. இந்த ஒரு சோதனையே பலருடைய பணத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது, விண்டோஸ் அமைப்புகளில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ பகுதியைத் திறந்து தேதியைப் பாருங்கள். அப்டேட் நிறுவப்பட்ட நாளும் சிக்கல் தொடங்கிய நாளும் ஒன்றானால் சந்தேகம் வலுக்கிறது. ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் கருவியின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பிழைத் திரை வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வேளைகளில் கோளாறு செய்த டிரைவர் கோப்பின் பெயர் அதிலேயே இருக்கும்.

மூன்றாவது, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் இயங்குதளப் பதிப்புக்கான புதிய டிரைவர் வந்துள்ளதா என்று தேடுங்கள். பழையதை நீக்கி, கணினியை மூடித் திறந்து, அதன் பிறகே புதியதை நிறுவ வேண்டும். விண்டோஸில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள். 2025 ஜனவரியில் தீர்வு கிடைத்தது அங்கேதான்.

நான்காவது, புதிய டிரைவரே சிக்கலானால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ மூலம் பழையதற்குத் திரும்பலாம். விண்டோஸ் அப்டேட்டையே நீக்கவும் வழி உண்டு. ஆனால் அது கடைசி வழி. 2025 ஜனவரி அப்டேட் பல பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தது. அவற்றில் சில ஏற்கெனவே தாக்குதல்காரர்களால் பயன்படுத்தப்பட்டு வந்தவை. அப்டேட்டை நீக்கினால் அந்த ஓட்டைகள் மீண்டும் திறந்துகொள்ளும். அவசரப் பதிவுக்காக நீக்கினால், அது முடியும்வரை கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருந்து, வேலை முடிந்ததும் அப்டேட்டைத் திரும்ப நிறுவிவிடுங்கள்.

நாள்காட்டியில் குறித்து வையுங்கள்

மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. மலேசியாவில் அது புதன்கிழமை அதிகாலை. விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதன் மூலம் ஐந்து வாரங்கள் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். 2025-ல் பொங்கலிலிருந்து தைப்பூசம் வரை 28 நாள்கள். பொங்கலன்று இந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், அந்த ஆண்டின் தைப்பூசப் பதிவுகள் எந்த இடையூறும் இன்றி முடிந்திருக்கும்.

தீபாவளி வெளியீடானாலும் கோயில் திருவிழா நேரலையானாலும் இதே கணக்குதான். வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் அப்டேட் செய்யுங்கள். முழுமையாகத் தவிர்ப்பது ஆபத்து. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில்தான் நம்மில் பலர் பாட்டும் பதிவு செய்கிறோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11-க்கு மாறுவோர் அதிகம். மாறுவதற்கு முன்பே, உங்கள் பெட்டிக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவு செய்த கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பதும் அவசியம். டிரைவர் இன்று இல்லாவிட்டாலும் நாளை கிடைக்கலாம். அழிந்துபோன பாட்டியின் தாலாட்டை யாராலும் திரும்பப் பதிவு செய்ய முடியாது.