உங்களுக்குத் தெரியுமா? தாய் மொழிக்கும் கொம்பு உண்டு!

சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவர்களுக்குத் தாய்லாந்தின் தாய் மொழி முழுக்கப் புதிதல்ல. ‘கே’யில் நாம் கொம்பை முன்னால் போடுகிறோமே, தாயிலும் ஏகாரக் குறி மெய்யெழுத்துக்கு முன்னால்தான். க, ச, ட, த, ப வரிசையும் அப்படியே. தாயில் வரும், மூச்சு சேர்ந்த ககரம் வேண்டுமா? தெலுங்கு எழுத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஒற்றுமைகளுக்குக் காரணம், தாய் எழுத்து கெமேர் வழியாக வந்த பல்லவ எழுத்தின் பேத்தி. சொற்களிலும் ஒற்றுமை உண்டு: குரு அங்கே ‘க்ரூ’, ஆச்சாரியர் ‘ஆச்சான்’.

சிரமம் ஐந்து தொனிகளில்தான். ‘மா’வைச் சமமாகச் சொன்னால் ‘வா’. தாழ்விலிருந்து ஏற்றினால் நாய். உயரத்திலேயே வைத்தால் குதிரை! ஆகவே எழுத்து சுலபம் என்று அங்கேயே நின்றுவிடாமல், முதல் நாளிலிருந்தே காதைப் பழக்குங்கள். கேட்டதை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்.