வெயில் இல்லை, சிறுநீரகம்

மும்பை அடுக்குமாடி வீடு. 12 வயதுப் பூனை திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது, உடம்போ இளைக்கிறது. தொட்டுக்கூடப் பார்க்காமல் வெயில்தான் காரணம் என்கிறார் டாக்டர். கையில் வைட்டமின் சொட்டு மருந்து. அடுத்து ஒரு நாய்.

பூனை வளர்ப்பவர்களின் எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வயதான பூனைகளுக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு சகஜம். ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஏறும்போது சிறுநீரகத்தின் சுமார் முக்கால் பங்கு பழுதாகியிருக்கும். முதல் அறிகுறிகள் தெரிவது தண்ணீர்க் கிண்ணத்திலும் எடை மெஷினிலும்தான். அதைச் சொன்னால் கேட்க ஆளில்லை.

மும்பையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 1886இல். அன்று மாடும் குதிரையும்தான் முக்கியம். பூனை வெகுநாள் கழித்து வந்த நோயாளி. அதைச் சின்ன நாயாக நினைத்து மருந்து கொடுப்பது ஆபத்து. சில வலி மாத்திரைகள் கெட்டுப்போன சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடும்.

நினைத்தவுடன் டாக்டரை மாற்ற முடியாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் குறிக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குகிறார்கள். டாக்டர் சொல்லும் அளவில் தோலுக்கடியில் சலைன் ஏற்றவும் வீட்டிலேயே பழகிக்கொள்கிறார்கள்.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கும் டாக்டர் கிடைத்தால் போதும், பூனைக்குச் சில வருடங்கள் கூடலாம்.